பிரமசக்தியின் பக்கத்தில் யாருமில்லை

திசையன்விளை பஜாரில் பஸ் நிலையத்துக்கும் வாரச்சந்தைக்கும் நடுவே இருக்கிற பாத்திரக் கடையில் கேமரா மாட்டிய நாளிலிருந்து, அதற்கு முன்னால் யார் போய் நின்றாலும் அவர்கள் மனசுக்குள் வைத்திருக்கிற ஆள் திரையில் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார் என்பதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேமராவை எதற்காக வாங்கினார்கள் என்று கேட்டால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது திருடனைப் பிடிக்க வாங்கியதில்லை. சுயம்புலிங்கம் தன் பெண்டாட்டியின் சிரிப்பைப் பிடிக்க வாங்கியது.

சுயம்புலிங்கம் குவைத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே எறும்புபோல நடமாடுகிற மனுஷர்களைப் பார்த்துப் பார்த்தே வாலிபம் கழிந்தது. அவர் கல்யாணம் முடிந்து விமானம் ஏறியபோது பிரமசக்தி யார் எதைக் கேட்டாலும் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிற பெண். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவள் ஒரு பாத்திரக் கடைக்கு முதலாளி. குடத்தை விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டி அதன் கனத்தைச் சொல்வாள், லாரி டிரைவரோடு சண்டை போட்டு ஜெயிப்பாள், கல்யாண வீட்டுக்காரர்கள் சீர் வாங்க வந்தால் பெண்ணின் கையைப் பார்த்தே எந்த அளவுப் பானை என்று எடுத்து வைப்பாள். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்ததுகூட அவள்தான். சுயம்பு விருந்தாளிபோல வந்து தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்த பிறகு கடையில் அவருக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. யாரும் மறுத்ததால் அல்ல. அவர் ஒரு தூக்குவாளியை எடுத்து ஒரு இடத்தில் வைத்தால், கடையில் வெகுநாளாக வேலை பார்க்கிற முத்துக்கனி முகம் கோணாமல் வந்து, "இங்ஙன இருக்கட்டும் அண்ணாச்சி" என்று அதை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவாள். அதனால் அவர் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற கோயில்பிச்சை மத்தியானம் தோறும் வந்து, கவுண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, சின்ன மெஷினைச் சுவரில் சொருகி, சொம்பிலும் அண்டாவிலும் கல்யாணப் பேர்களை வெட்டுவார். வெட்டிக்கொண்டே ஏதாவது சொல்வார். உடனே பிரமசக்தி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரிப்பாள். அத்தனை வருஷம் போனில் பேசியும் சுயம்பு அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. போனில் அவள் மோட்டார் ரிப்பேரானதைச் சொல்லியிருக்கிறாள், மகளுக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்லியிருக்கிறாள், சிரித்ததில்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஒரு அம்மா பேத்தி பேர வெட்டணும்னு சொம்பக் கொண்டாந்திருக்கா. இனிஷியல் என்னன்னு இவரு கேட்டிருக்காரு. மருமகன் பேரு அவளுக்கு மறந்துபோச்சாம்."

அவள் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. அந்தச் சிரிப்பு அந்த ஸ்டூலுக்கும் அந்தக் கவுண்டருக்கும் நடுவில் மட்டும் விளைகிற ஒன்று, வெளியே கொண்டுவந்தால் வாடிவிடுகிறது, தனக்கு அது ஒருநாளும் கையில் கிடைக்காது என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ புளித்தது.

நாகர்கோவிலுக்குப் போய்க் கேமராக் கடையில் நின்றார். கூரையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒட்டிக்கொள்கிறவை, சுவரிலிருந்து குழல்போல நீண்டு பார்க்கிறவை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவை என்று வரிசையாக மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் அவர் முகமே தெரிந்தது. கடையை நடத்துகிற ஜெபசிங் நல்ல பேச்சுக்காரன்.

"திருட்டு எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"கவுண்டர் பக்கம்."

"அப்ப கல்லாப்பெட்டிக்கு நேரா ஒண்ணு வெச்சிருவோம்."

"கல்லாப்பெட்டி தெரியாட்டாலும் பரவால்ல. பக்கத்துல ஒரு ஸ்டூல் கெடக்கு. அது நல்லாத் தெரியணும்."

ஜெபசிங் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சத்தமும் பதியணுமா?" என்றான்.

"சிரிப்பு கேக்குமா?"

"கொட்டாவிகூட கேக்கும்" என்றான்.

அவனே நேரில் வந்து கடையைச் சுற்றிப் பார்த்தான். எவர்சில்வர் கடை என்பதால் வெளிச்சம் திருப்பி அடிக்கும், வாசலுக்கு எதிரே வைத்தால் வருகிறவன் முகம் கறுத்துப்போகும் என்று சொல்லி, வாசலுக்குப் பக்கவாட்டில் ஒன்று, பாத்திர அடுக்குகளுக்கு நடுவே ஒன்று, கவுண்டரைச் சாய்வாகப் பார்க்க ஒன்று என்று இடம் குறித்தான். மாடி அறையில் ஒரு திரை, கடைக்குள் எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒரு டி.வி. "நம்மள ஒருத்தன் பாக்குதான்னு தெரிஞ்சாத்தான் அண்ணாச்சி மனுசன் ஒழுங்கா இருப்பான்" என்றான். பிரமசக்தி எதற்கு என்று கேட்கவில்லை. சுவரில் துளை போடுகிற தூசி குடங்களில் விழாமல் துணி மட்டும் போட்டு மூடினாள்.

ஒயரை இழுத்து முடித்து டி.வி.யைப் போட்டபோது முத்துக்கனி விளக்குமாறோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் அவளுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக உடன்குடி பஸ்ஸின் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். முத்துக்கனி ஒருமுறை டி.வி.யைப் பார்த்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள், "கேமரா நல்லாத் தெரியுதுக்கா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் பெருக்கினாள். ஜெபசிங் ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றான். அவன் பக்கத்தில் அவனை வேலையைவிட்டுத் துரத்தின பழைய முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவன் ஒயரைப் பிடுங்கி மாட்டினான், பெட்டியை அணைத்துப் போட்டான், புதுக் கேமராவை மாற்றினான், முதலாளி போகவில்லை. கடைசியில் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாரண்டி இதுக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

செய்தி சந்தை வழியாகப் போனது. முதலில் வந்தவர்கள் வெளிநாட்டில் புருஷனை வைத்திருக்கிற பெண்கள். ஒரு கரண்டி, ஒரு வடிதட்டு என்று கேட்டுக்கொண்டு வந்து, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்காமலேயே வெகுநேரம் நின்றார்கள். திரையில் அவர்கள் பக்கத்தில் மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆள்கள் வந்து வேலை உடுப்போடு நின்றார்கள். சிலருக்கு அவர்கள் வந்தார்கள், சிலருக்கு வேறு யாரோ வந்தார்கள். உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார் வேன் வைத்துக்கொண்டு வந்து, தண்ணீர் சொட்டுகிற ஆட்களோடு நின்றுவிட்டு, ஆளுக்கொரு தூக்குவாளி வாங்கிக்கொண்டு போனார்கள். பனங்காட்டு வழக்கில் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் வேறு வேறு நாளில் வந்தார்கள். அண்ணன் பக்கத்தில் தம்பியும், தம்பி பக்கத்தில் அண்ணனும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு நின்றார்கள், வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. கோயில் பூசாரி ஒருவர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக் கறவை மாடு வந்து நின்று அசைபோட்டது.

ஊரெல்லாம் பொறாமை ஒரு காய்ச்சலாகப் பரவியது. புருஷன் பக்கத்தில் அவனோடு எட்டாம் வகுப்புப் படித்தவள் நிற்பதைப் பார்த்த ஒருத்தி, அந்தக் கோபத்துக்குக் கடையிலேயே பெரிய கிரைண்டரை வாங்கி அவன் தலையில் தூக்கி வைத்து நடத்திக் கூட்டிப் போனாள். மகன் பக்கத்தில் மருமகளைப் பார்த்த தாய்மார் மூன்று நாளைக்குச் சாப்பிடவில்லை. மருமகளைப் பார்க்காத மாமியார்களோ நாலு வீட்டுக்குப் போய் அதையே சொன்னார்கள். பெண் பார்த்துப் பேசி முடித்தவர்கள், சீர் வாங்குகிற சாக்கில் பெண்ணைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். சில கல்யாணம் நின்றது. சில பெண்கள், "மாப்பிள்ளையும் வந்து நிக்கட்டும்" என்றார்கள், அதனாலும் நின்றது. இருவரும் வந்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் அதை ஒரு வருஷத்துக்குப் பேசியது.

ஆனால் எந்தக் காய்ச்சலும் இறங்கத்தானே வேண்டும். கொஞ்ச நாளில் ஊர் ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டது. கடைக்குள் ஒருவர் நடந்து வரும்போது மற்றவர்கள் டி.வி.யைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். "எந்தப் பக்கத்துக் காத்து நல்லா வருது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வெளியூர்க்காரன் திரையை வெறித்தால், "என்னவே, அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்குதீரு?" என்று அதட்டினார்கள். வியாபாரம் பக்கத்து ஊர்களுக்கும் விரிந்தது.

மின்விசிறியைப் பார்க்காதவர் ஒருவர்தான் இருந்தார். அவர் மாடியில் இருந்தார்.

கோயில்பிச்சை பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தானே கேமரா வாங்கியது. வந்தாள், அவர் மனைவி எஸ்தர், செத்துப்போய் ஐந்தாறு வருஷம் ஆனவள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் வெட்டுகிற பாத்திரம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எந்த நாளும் வேறு யாரும் வரவில்லை. சுயம்புவுக்கு அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் பிரமசக்தி பக்கத்தில் யாருமே இல்லை.

ஊரில் இருக்கிற ஈ காக்கைக்கெல்லாம் பக்கத்தில் ஒருத்தர் நிற்க, அவள் மட்டும் அந்தத் திரையில் தனியாக, காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் ஷட்டரை இறக்குகிறவரை தனியாக, மூடி எடுத்துக் கொடுத்துக்கொண்டும் தூசி தட்டிக்கொண்டும் கோயில்பிச்சை சொன்னதற்குச் சிரித்துக்கொண்டும் இருந்தாள். மகள்கூட வரவில்லை. சுயம்பு வரவில்லை. ஒரு ஆண் வந்திருந்தால் அவர் அவனை வெறுத்திருப்பார். அதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும். இப்போது அவர் அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், அது எவ்வளவு அகலம், அதில் யார் உட்காரலாம், யாருக்காக அது காலியாக இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார்.

"உனக்குப் பக்கத்துல ஏன் ஒருத்தரும் வரல?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"வரலன்னா நல்லதுதான. எடம் அடைக்காம இருக்கும்."

"யாரையும் ஒளிச்சு வெச்சிருக்கியோ?"

பிரமசக்தி கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "ரசம் ஆறுது. ஊத்திக்கிடுங்க" என்றாள்.

அவர் ஜெபசிங்கைக் கூப்பிட்டு இன்னும் தெளிவான கேமராவை அவள் தலைக்கு நேர் மேலே வைக்கச் சொன்னார். அதிலும் அவள் வகிடுதான் தெரிந்தது. ஒன்றைக் கவுண்டருக்குக் கீழே அவள் முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார். "இதுக்கு மேல உள்ள பாக்கணும்னா அண்ணாச்சி, ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்" என்று சொன்ன ஜெபசிங், தன் பக்கத்தில் வந்து நின்ற பழைய முதலாளிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு அது பழகிவிட்டது.

சுயம்பு மட்டும் ஒருநாளும் கேமராவுக்கு முன்னால் வரவில்லை. மாடியிலிருந்து பின்படி வழியாகச் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குள் இறங்கி, சந்து வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று டீக்கடையில் கேட்டார்கள். "நான் யாரை நெனைக்கேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு டி.வி.?" என்றார். பிரமசக்தியைத்தான் நினைக்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. ராத்திரி பகலாக அவளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கி, கடையில் நிற்க இடமில்லாத ஒரு சமயத்தில், கோயில்பிச்சை என்னவோ சொல்ல, பிரமசக்தி சிரித்துச் சிரித்துக் கண்ணீரை முந்தானையால் துடைத்ததை மாடித் திரையில் பார்த்த சுயம்பு, அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரை மறித்தார்.

"நாளையிலருந்து கடைக்கு வராண்டாம் வே."

கோயில்பிச்சை டம்ளரைக் கீழே வைத்தார். "முதலாளி சொல்லிச்சா அண்ணாச்சி?"

"முதலாளி நான்தான்."

கோயில்பிச்சை மெஷின் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் ஊரான இட்டமொழிப் பக்கம் போகிற ரோட்டில் நடந்தார். தரையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து பின்னாலேயே வருவதைப்போல அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாளைக்கும் அதற்கு அடுத்த நாளைக்கும் ஸ்டூல் காலியாக இருந்தது. பிரமசக்தி சிரிக்கவில்லை, அவள் பக்கத்திலும் ஒருவரும் வரவில்லை. ராதாபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்கள். அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, பேர் வெட்ட ஆளில்லை. பேர் இல்லாமல் எப்படி மண்டபத்தில் வைப்பது என்று மாப்பிள்ளையின் அத்தை குரலை உயர்த்தினாள். பிரமசக்தி கோயில்பிச்சைக்குப் போன் போட்டாள். ஒரு நிமிஷம் கேட்டாள். போனை வைத்தாள். மாடியைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனிடம், அத்தனை பேருக்கு முன்னால் சத்தம் போட்டாள்.

"கீழ வாங்க!"

அவருக்குப் பின்படி ஞாபகம் வரவில்லை. அந்தக் குரலில் இருந்த கோபம் அந்த ஆளுக்காக வந்த கோபம் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கடைக்குள் இறங்குகிற முன்படியில் தடதடவென்று இறங்கி, அடுக்குகளைத் தாண்டி, கவுண்டருக்கு முன்னால் வந்து, "என்ன, அவன் இல்லாம ஒரு நாள் தள்ள முடியலயோ?" என்று கத்தினார்.

கல்யாண வீட்டார் மின்விசிறியைப் பார்க்க மறந்துபோனார்கள்.

திரையில் சுயம்புவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கோயில்பிச்சை நின்றார். சுயம்பு விலகினால் அவரும் விலகினார், திரும்பினால் திரும்பினார், புதுமாப்பிள்ளைபோல ஒட்டிக்கொண்டே இருந்தார். எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரமசக்தி கவுண்டரைவிட்டு வெளியே வந்து டி.வி.க்கு எதிரே நின்றாள். அவள் அதுவரை யாருடைய பக்கத்தையும் பார்த்ததில்லை. அவள் முகம் மாறிக்கொண்டு வருவதைச் சுயம்பு பார்த்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும், ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அவளுக்கும் பொறாமை வந்துவிட்டது.

"உங்க பக்கத்துல நாந்தான் வந்து நிப்பேன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் மெதுவாக. "நீங்க கேமராவுக்கு முன்னால வராததே, ஊரு பாத்துச் சிரிக்குமேங்கிற வெக்கத்துலன்னு நெனச்சேன். குவைத்துல இருக்கும்போதாவது நான் பக்கத்துல இருந்தேனா?"

"இருந்த."

"அப்ப எப்பம் போனேன்?"

திரையில் கோயில்பிச்சை சுயம்புவின் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"எனக்குப் பக்கத்துல ஏன் யாருமில்லன்னு கேட்டியள்ல? நீங்க போயி, நான் கடை வெச்ச புதுசுல நின்னா நெனப்பு, நடந்தா நெனப்பு. நெனச்சுக்கிட்டே நின்னு அடுக்குப் பானை அத்தனையும் கால்ல சாச்சுக்கிட்டேன். நகம் பிஞ்சி ரத்தத்தோட தனியாக் கெடந்தேன். அன்னைக்கி ஒரு முடிவு பண்ணினேன். கடைக்குள்ள இருக்கும்போது ஒருத்தரையும் நெனைக்கக்கூடாதுன்னு. கஷ்டப்பட்டுப் பழகினது. அந்த எடத்துல போய் ஆளத் தேடியிருக்கிய."

பிறகு ராதாபுரத்துக்காரர்களைப் பார்த்து, "பேரு வெட்டி நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கே வரும். போயிட்டு வாங்க" என்றாள். மறுநாள் காலையில் சாவிக்கொத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"கடையப் பாத்துக்கிடுங்க. நான் ஏரல்ல அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்பம் வருவ?"

"தெரியல. அங்க கேமரா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

பேர் வெட்ட வேண்டிய பாத்திரங்கள் கடை நிறையக் கிடந்ததால் சுயம்பு இட்டமொழிக்குப் போனார். கோயில்பிச்சை வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் டி.வி.யில உம்மகூட நின்னேன்னு ஊரே பேசுதாமே."

"தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னீரு."

"நான் உம்ம தோள்ல ஒருநாளும் கை போட்டதில்லயே அண்ணாச்சி."

"இல்ல."

கோயில்பிச்சை ஒரு மீனை எடுத்துச் செதில் சீவினார். "எஸ்தர் கேட்டா சும்மா விடமாட்டா. பெரிய பொறாமைக்காரி. அவ இருந்த காலத்துல நான் எந்தக் கடையில போயி வேலைக்கு உக்காந்தாலும் ஒரு சாக்கச் சொல்லிக்கிட்டு வந்து எட்டிப் பாப்பா. எனக்கு எரிச்சலா வரும். இப்பம் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா, எரிச்சல் வர மாட்டேங்குது." கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "உம்ம வீட்டுக்காரி எதுக்குச் சிரிக்கும் தெரியுமா? நான் எஸ்தர்கிட்ட வாங்கின திட்டையெல்லாம் சொல்லுவேன். அதுக்குத்தான்."

சுயம்பு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, "வண்டியில ஏறும்வே" என்றார். அதுவே போதும் என்று கோயில்பிச்சை பையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சுயம்பு கீழே நின்றார். நாள் முழுக்கக் கேமராவுக்கு முன்னால் நின்றார். ஸ்டூலில் ஒரு கோயில்பிச்சை பேர் வெட்ட, திரையில் இன்னொரு கோயில்பிச்சை அவர் தோளில் தொங்கினார். வருகிறவர்கள் மின்விசிறியைப் பார்த்தாலும் அவர்கள் உதடு துடித்தது. சுயம்பு வெட்கத்தோடு பிழை பிழையாக வியாபாரம் செய்தார். இட்லிக் கொப்பரைக்குப் பால்சட்டி மூடியைக் கொடுத்தார், கனமான குடத்தை லேசு என்றார். முத்துக்கனி ஒவ்வொன்றையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே, "தட்டிப் பாருங்க அண்ணாச்சி. சத்தம் குட்டையா நின்னா கனம், நீளமாப் போனா லேசு" என்றாள். அவர் தட்டினார். கடையில் உள்ள எல்லாவற்றையும் தட்டினார். தட்டித் தட்டிக் கேட்கிற வேலையில், திரையில் இருந்த கோயில்பிச்சை முதலில் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரு அடி தள்ளி நின்றார். பிறகு வாசல் பக்கமாகப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மத்தியானம், சந்தையில் கீரை விற்கிற பெண் மூடி தொலைந்த பழைய சருவப் பானையைக் கொண்டுவந்து அதற்கு மூடி கேட்டாள். கம்பெனியும் தெரியாது, அளவும் தெரியாது. சுயம்பு அடுக்கிலிருந்து ஒவ்வொரு மூடியாக எடுத்து வைத்துப் பார்த்தார், திருப்பினார், ஒதுக்கினார், ஏணி போட்டு மேலே ஏறி எடுத்தார், கடைசியில் ஒன்று டக்கென்று போய் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். திரையில் அவர் பக்கத்தில் யாருமில்லை.

முதலில் பயம் வந்தது. கிரேன் கூண்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. பிறகு அந்தப் பயம் தானாக அடங்கி, உள்ளே அலம்பிவிட்ட தரைபோல ஒரு குளிர்ச்சி வந்தது. யாரையும் வெறுக்காமல், யாரையும் சந்தேகப்படாமல், யாருக்காகவும் ஏங்காமல், கையில் ஒரு மூடியோடு ஒரு மனுஷன் நிற்கலாம் என்பது அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. பிரமசக்தி இத்தனை வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறாள். இவ்வளவு நல்ல இடத்தை அவள் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாளே என்று அவள்மேல் ஒரு பொறாமை வந்தது. அதில் புளிப்பு இல்லை.

அப்புறம் சந்தை கூடிய ஒரு நாள், வெயில் ஏறுகிற நேரத்தில், ஏரல் வழியாக வருகிற பஸ்ஸிலிருந்து பிரமசக்தி இறங்கினாள். அக்கா வீட்டு வாழைப்பழமும் பச்சரிசியும் திணித்த பெரிய பையைத் தோள் சாயத் தூக்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து கடை வாசலில் ஏறினாள். கடைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். முத்துக்கனி பார்க்கவில்லை, அவள் டி.வி.யைப் பார்த்தாள், சுயம்புவைப் பார்த்தாள், மறுபடியும் டி.வி.யைப் பார்த்தாள்.

சுயம்பு நிமிர்ந்தார்.

திரையில் பிரமசக்திக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தான். அவள் பையை அவன்தான் சுமந்துகொண்டு வந்தான். அவள் நடைக்குத் தன் நடையை அளந்து வைத்தான், அவள் என்னவோ சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, படி வந்தபோது ஒரு கணம் நின்று அவளை முதலில் ஏறவிட்டான். நல்ல நிமிர்ந்த ஆள். கண்ணில் பொறுமை இருந்தது. யார் இவன், எந்த ஊர், எத்தனை நாளாக என்று சுயம்புவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அந்தச் சட்டை தன்னுடைய சட்டை என்று தெரிந்தது, அந்த முகமும் தன்னுடைய முகம் என்று தெரிந்தது. அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை. கோயில்பிச்சைமேல்கூட அவருக்கு அப்படி ஒரு பொறாமை வந்ததில்லை.

அவர் கவுண்டரைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் அதன்மேல் ஏறிக் குதித்தார். தட்டுகள் சரிந்து கடை அதிர உருண்டன. நேராகப் போய் பிரமசக்தியின் தோளிலிருந்து பையைப் பிடுங்கினார்.

"என்ன இது, எல்லாரும் பாக்குதாவ, உடுங்க" என்றாள் அவள்.

"நான் கொண்டாறேன்."

"நான் ஒண்ணும் சமாதானமாகி வரல. ஏரல்ல ஏறினதுலருந்து இங்க எறங்குறவரைக்கும் உங்களத்தான் திட்டிக்கிட்டே வந்தேன்."

"தெரியுது."

"பாதிதான் திட்டியிருக்கேன்."

சுயம்பு பையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் திரைக்கும் நடுவில் வந்து மறைத்து நின்றார்.

"மிச்சத்த என்கிட்டயே திட்டு" என்றார். "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத."